பிடிவாரண்டு மாஸ்டர் வைத்த ஓட்டப் பரீட்சை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பத்திரிகை ஆபீசில் இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் போடவும்.

சென்னையில் ஓடுகிற எவரும் பிடிவாரண்டு மாஸ்டரிடமிருந்து தப்பியதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் சரி, நாய்க்குப் பயந்து ஓடினாலும் சரி, அவர் கண்ணில் பட்டால் தொலைந்தது. ஸ்கூட்டரைத் திருப்பி, துரத்திப்போய் மறித்து, "எந்த ஸ்கூலு நீ? இன்னா வயசு?" என்பார். மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர். நான் அங்கே கிரவுண்டுக்குத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போடுகிறவன். நன்றாக ஓடுகிற ஏழைப் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து, ஃபீஸ் இல்லாமல் சேர்த்து, பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தருவது அவர் வேலை.

ஒரு முறை ஈக்காட்டுத்தாங்கலில், ஆள் உயரச் சுவரை ஒரே தாவில் தாண்டியவனைப் பிடித்து, "ஹை ஜம்ப்புக்கு வர்றியா நைனா?" என்றார். பின்னாலேயே பட்டறைக்காரர்கள் தடியோடு வந்தார்கள். அவன் கையில் இருந்தது அவர்களுடைய செம்புக் கம்பி. இன்னொரு முறை ஆழ்வார்பேட்டையில் பிடித்து வந்த 'பையனுக்கு' எல்.கே.ஜி. வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது என்பது ஷூவுக்கு அளவு எடுக்கும்போதுதான் தெரிந்தது. மாஸ்டர் அசரவில்லை. "அப்ப பாப்பாவ இட்டாப்பா, ஓடுதான்னு பாக்கலாம்" என்றார்.

நான் கூச்ச சுபாவம். அவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

சந்தியாவைக் கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் பிடித்தார். தண்ணீர் லாரிக்குப் பின்னால் இரண்டு குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தாளாம். அவள் அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறவர்.

"ஃபீஸு கேக்க மாட்டாங்களே சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஓடுற வரைக்கும் கேக்க மாட்டாங்கம்மா."

சந்தியா ஓடினாள். ஏழாம் வகுப்பில் ஒரு கோப்பை, எட்டாம் வகுப்பில் ஒரு பெரிய கேடயம். அதை வைக்க ஆபீஸ் வாசலில் கண்ணாடி அலமாரியே செய்தார்கள். அட்மிஷன் சமயத்தில் கேட்டில் ஒரு பேனர் கட்டினார்கள். அந்தக் கேடயத்தை இரண்டு வெள்ளைவெளேர் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களை நான் கிரவுண்டில் பார்த்ததே இல்லை.

மாஸ்டர் பேனர் முன்னால் நின்றார். "யாரு மேடம் இவனுங்க? அஞ்சு நிமிஷம் வெயில்ல நின்னா ஐஸ்கிரீம் மாரி உருகிடுவானுங்க போல கீது!"

ஆபீஸ் மேடம், "போட்டோவுக்குக் கலரா இருக்கணும் இல்ல சார்" என்றார்.

"ஓடச் சொல்லும்போது கலர் கேக்கலியே மேடம்?"

அன்று முழுவதும் அவர் யாரையும் துரத்தவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் சந்தியாவுக்குக் கணக்கில் பத்தொன்பது. பத்தாம் வகுப்பில் எல்லாரும் பாஸ் என்பது எங்கள் பள்ளியின் பெருமை. அந்தப் பெருமைக்கு இடைஞ்சலாக இருக்கும் பிள்ளைகளை ஒன்பதிலேயே அனுப்பிவிடுவது வழக்கம். அவள் அம்மாவைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார் கரஸ்பாண்டன்ட்.

வெளியே வந்த அந்த அம்மா மாஸ்டரிடம் ஒன்றுதான் கேட்டார்: "இன்னா சார், கப்பு உள்ள இருக்கட்டும், எம்பொண்ணு வெளிய போவட்டுமா?"



மறுநாள் மாஸ்டர் ஒன்பதாம் வகுப்பு மொத்தத்தையும் கிரவுண்டுக்கு அழைத்தார். "ஓட்டப் பரீட்சை! பெரிய ரவுண்டு ஒண்ணு. நூத்துக்கு முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்!" முதல் ரேங்க் ஆதித்யா பாதி தூரம் நடந்து, மீதிக்கு, நான் தரையைச் சமன் செய்ய உருட்டும் ரோலர் மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பதினொரு மார்க். ஆரம்பித்ததற்கு ஐந்து, உயிரோடு மிஞ்சியதற்கு ஆறு. ப்ராக்ரஸ் கார்டில் சிவப்பு மையால் எழுதினார்: 'இவரால் பள்ளியின் தரம் கெடுகிறது. டி.சி. வாங்கிக்கொள்ளவும்.' இப்படி இருபது பேருக்கு மேல் எழுதிவிட்டார்.

அடுத்த நாள் காலை கேட்டில் கார்கள் நிற்க இடம் இல்லை.

"பைத்தியமா மாஸ்டர் உங்களுக்கு?" என்று கிரவுண்டுக்கே வந்து கத்தினார் கரஸ்பாண்டன்ட். "ஃபர்ஸ்ட் ரேங்க் பையனுக்கு டி.சி.யா?"

"அவளுக்குக் கணக்கு வரல, இவனுக்கு ஓட்டம் வரல. ரெண்டும் ஒரே ஸ்கூல்தானே சார்?"

"ஓட்டமும் கணக்கும் ஒண்ணா?" என்றார் ஆதித்யாவின் அப்பா.

"ஒண்ணு இல்லன்னா இன்னாத்துக்கு சார் கண்ணாடி அலமாரி?"

கூட்டம் சூடாகியது. அப்போது ஆதித்யாவின் தாத்தா முன்னால் வந்தார். மாஸ்டரை அடித்துவிடுவாரோ என்று பயந்து நான் குழாயை மூடினேன்.

"அவர் எழுதினது சரிதான். நானும் பாத்துண்டுதான் இருக்கேன். மாடி ஏறினா எனக்கு முன்னாடி இவனுக்கு மூச்சு வாங்கறது" என்றார் தாத்தா. "இவனுக்கு ஒரு வருஷம் டயம் குடுங்கோ. அந்தப் பொண்ணுக்கும் குடுங்கோ. அவளை அனுப்பறதா இருந்தா, இவன் டி.சி.யையும் சேர்த்தே குடுத்துடுங்கோ."

முதல் ரேங்க் போய்விடுமே என்று கரஸ்பாண்டன்ட்டுக்கு வேர்த்தது. சந்தியா தங்கினாள். மாஸ்டரை மட்டும் அந்த மாதக் கடைசியோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் முழுவதும் சாயங்காலம் ரோலர் பக்கத்தில் ஆதித்யா அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். முடிந்ததும் அவள் அவனை ஓட விடுவாள். "இன்னாடா, பால்காரன் மாடு மாரி நடக்குற!" என்ற அவள் குரல் தெருவரை கேட்கும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று நான் தி.நகருக்குப் பஸ் ஏறினேன். மாஸ்டர் அங்கே தம்பியின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"சந்தியா பாஸ் மாஸ்டர். கணக்குல முப்பத்தெட்டு" என்றேன். நான் அவரிடம் முழுதாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"முப்பத்தஞ்சு போதுமேப்பா. மூணு மார்க்கு இன்னாத்துக்கு வேஸ்ட்டு பண்ணா?" என்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே ஒரு காப்பி கேட்ட பெரியவருக்கு, மெஷினை நிறுத்தாமல் காப்பி எடுத்துக்கொண்டே இருந்தார். பெரியவர் தோளைத் தட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

இப்போது வந்திருக்கும் மாஸ்டர் நல்லவர். சத்தமே போடுவதில்லை. கிரவுண்டு கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் அங்கே வேலை ஓடமாட்டேன் என்கிறது.

எழுதி முடித்தது: புரட்டாசி கடைசி ஞாயிறு, பள்ளி விடுமுறை.