லைட்டு நர்ஸும் சணல் சுற்றிய சக்கரமும்

பேட்டரி வண்டி பஞ்சராகி நடுரோட்டில் நின்றதைப் பார்த்து நான் எதற்குச் சிரித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமாக்கும். வேறு வேலை இல்லையா? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தவர்கள் முதலில் போய்ப் பாலைப் பாருங்கள். பொங்கி வழிந்தால் பழி என் தலையில் விழும். பார்த்தாயிற்றா? சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

இந்தச் சீமையிலேயே முதன்முதலில் கரண்டு வண்டி ஓட்டியது எங்கள் லைட்டு நர்ஸ்தான். நீங்களெல்லாம் நேற்று வந்தவர்கள்.

அப்போது நான் கல்யாணமாகாத பெண். அச்சங்குளத்துப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்களுக்குக் கரண்டுக் கம்பமே வரவில்லை. நர்ஸக்காவின் சைக்கிளில் மட்டும் கரண்டு இருந்தது. பின்சக்கரத்தில் மருந்துப் புட்டி மாதிரி ஒரு டைனமோ உரசிக்கொண்டே வரும், முன்னால் லைட்டு எரியும். உச்சி வெயிலிலும் எரியும்.

"பகல்ல எதுக்குக்கா லைட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு ரோடு தெரியுது புள்ள. எதுத்தாப்புல வாரவுகளுக்கு நான் வாரது தெரிய வேண்டாமா?"

நன்றாகவே தெரிந்தது. அவர் வேலை ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவது. ஒரு மைலுக்கு அப்பால் லைட்டைப் பார்த்ததுமே ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். பிள்ளைகள் வைக்கோல் படப்புக்குள் போய்விடும். தாத்தாக்கள்கூடத் தானியக் குலுக்கைக்குள் இறங்கிவிடுவார்கள். அப்படியும் அந்த மனுஷி லைட்டை அணைத்ததில்லை.

எங்கள் கம்பெனி வாட்ச்மேன் அவரை வாசலிலேயே மறித்துவிடுவார். "கரண்டை எறக்கி வச்சுட்டு உள்ள வாங்கம்மா. இது வெடிமருந்து இருக்கிற எடம்." நர்ஸக்கா பல்பைத் திருகி அவர் கையில் கொடுப்பார். அவர் அதைத் துண்டில் வாங்கி, மணல் வாளிக்குள் புதைத்து, நர்ஸக்கா திரும்பி வரும்வரை வாளிக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

நர்ஸக்காவுக்கு இன்னொரு குணம், மிதிக்கும்போதே கனவுக்குள் போய்விடுவது. மேகம் போகிற பக்கம் சைக்கிளும் போகும். ஒருமுறை பிரசவம் பார்க்க ஓர் ஊருக்குக் கிளம்பியவர் வேறோர் ஊரில் போய் இறங்கினார். அங்கேயும் ஒருத்திக்கு வலி கண்டிருந்தது. "பாத்தியா, சைக்கிளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அந்த வருஷம் பங்குனியில், தாயில்பட்டியைத் தாண்டி ஓர் ஊரில் பெரியம்மை இறங்கிவிட்டது. அடுத்த ஊரில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. அக்காவின் மாமியார் மூன்று வருஷமாக நர்ஸைக் கண்டால் கொல்லைப்புறம் ஓடுகிறவர். அக்கா அழுது, சண்டை போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அவரை ஒரு வழியாக மடக்கினாள். மாமியார் ஆள் விட்டுச் சொன்னார்: "இன்னைக்குச் சாயங்காலம் அம்மன் கோயில்ல காப்புக் கட்டுறாக. அதுக்கு முன்ன வந்தாக் குத்தட்டும். பெறகு வந்தா வாசப்படி மிதிக்கக் கூடாது."

காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு அந்த ஊரில் ஊசியும் கிடையாது, கத்தியும் கிடையாது. குழம்பு தாளிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் பக்கத்து ஊரில் இருக்கும் அம்மை எட்டு நாள் காத்திருக்குமா?

ஆகவே நானும் நர்ஸக்காவும் கிளம்பினோம். அவர் மிதித்தார். நான் கேரியரில் உட்கார்ந்து மடியில் ஒரு மண்கலயத்தை அணைத்துக்கொண்டேன். கலயத்தில் தண்ணீர், தண்ணீருக்குள் தகர டப்பி, டப்பிக்குள் அம்மைப்பால். வெயில் பட்டால் மருந்து செத்துவிடும் என்று கலயத்தைச் சுற்றி ஈரத்துணி.

கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. பஞ்சு பிரிந்து பிரிந்து ரோட்டுக்கு மேலே மிதந்தது. நர்ஸக்கா ஏதோ கோயில் பாட்டை முனகினார். எனக்கும் கண் சொருகியது. எவ்வளவு நேரம் அப்படிப் போனோமோ, சைக்கிள் குதிரை மாதிரி துள்ளவும்தான் விழித்தேன்.

"அக்கா, பின் டயர்ல காத்து இல்ல."

"எப்பருந்து?"

"உங்களுக்குத்தான தெரியணும்."

"நான் இங்கன இல்லையே புள்ள" என்றார், பொய் சொல்லாமல்.

வேலா முள் குத்தியிருக்கிறது. அது தெரியாமல் கல்லிலும் கட்டியிலும் ஓட்டியதில் டயரும் விலாப்பக்கம் ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது. பக்கத்தில் ஊர் இல்லை, கடை இல்லை. பையில் நெம்புகோல் இருந்தது, பம்பு இருந்தது. ஒட்டுகிற சொலூஷன் மட்டும் இல்லை. அதை ஒரு சின்னப் பிள்ளையின் பொம்மைக் காலை ஒட்டத் தீர்த்துவிட்டாராம்.

டியூபை உருவினோம். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் முக்க வேண்டும். கண்ணுக்கெட்டியவரை இருந்த தண்ணீர் என் கலயத்தில்தான்.

"ஒரு சிரட்டை எடுத்துக்கிருவோமாக்கா?"

"ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அது ஒங்க அக்கா பிள்ளைக்கு."

காற்றடித்த டியூபை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கன்னத்தோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டோம். ஓட்டை இருக்கும் இடத்தில் முகத்தில் காற்றுப் படும் என்பது அவர் கணக்கு. வெயில் ரீங்காரம் போட்டது. ஒரு பஞ்சு என் மூக்கில் வந்து உட்கார்ந்து எழுந்து போனது. தூரத்தில் மேகத்தின் நிழல் ஒரு காட்டை மூடிவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தது. உலகத்தில் எங்கள் இரண்டு பேரையும் அந்த டியூபையும் தவிர வேறு எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. என் பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தும் ஒன்றும் படவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், நர்ஸக்கா டியூபில் சாய்ந்து சிரித்த முகமாக நிற்கிறார்.

"கெடச்சிருச்சாக்கா?"

"அது அப்பயே கெடச்சிருச்சு. இரு புள்ள, இங்கன நல்லாக் குளுகுளுன்னு இருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. "அக்கா, அங்க காப்புக் கட்டக் கொட்டு அடிச்சுட்டான்னா அம்புட்டுத்தான்" என்றேன். அவர் திடுக்கிட்டு விழித்து, பையிலிருந்து புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்து, புண்ணுக்குப் போடுகிற மாதிரியே ஊதி ஊதி ஓட்டையில் ஒட்டினார். ஆனால் கிழிந்த டயரை என்ன செய்ய? காற்றடித்தால் டியூப் அந்தக் கிழிசல் வழியாகத் தவளை மாதிரி வெளியே வந்தது.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். இடுப்பில் ஒரு சணல் உருண்டை எப்போதும் செருகியிருப்பேன். அதை எடுத்து, கிழிசல் இருந்த இடத்தில் டயரையும் ரிம்மையும் சேர்த்து, அணுகுண்டுக்குச் சுற்றுகிற சுற்று சுற்றினேன். நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், பல்லைக் கடித்து இழுத்து. அந்தச் சுற்றைப் பற்றிக் கம்பெனியில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

சைக்கிள் ஓடியது. சுற்று வருகிற நேரமெல்லாம் பிரேக்கில் பட்டுத் தடக் என்றது. அதே நேரம் டைனமோ சணலில் ஏறிக் குதிக்க, லைட்டு ஒருமுறை அணைந்து எரிந்தது. தடக், மினுக். தடக், மினுக்.

சணல் சுற்று எவ்வளவு இறுகுகிறதோ, வெடிக்கும் சத்தம் அவ்வளவு பெரிது. இது எங்கள் பக்கம் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் எதிரே வந்த வண்டிக்காரர் எங்கள் சக்கரத்தைப் பார்த்தார், மினுக்குகிற லைட்டைப் பார்த்தார், குதித்து இறங்கி மாட்டின் காதைப் பொத்தினார். அவசரத்தில் தன் காதை மறந்துவிட்டார்.

அக்காவின் ஊரில் லைட்டைக் கண்டதும் வழக்கம்போலக் கதவுகள் சாத்திக்கொண்டன. தடக் சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஏலே, நர்ஸம்மா சைக்கிள்ல சணல் சுத்தியிருக்குலே."

"திரி எரியுது பாரு. தள்ளி நில்லுங்கலே."

தள்ளி நின்றார்கள், ஓடவில்லை. ஒரு நல்ல சுற்று வெடிப்பதைப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் போக மாட்டார்கள். தெருவே வரிசையாக நின்று, இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கிக்கொண்டது. முன்வரிசையில் அக்காவின் மாமியார்.

"என்ன புள்ள இப்படி நிக்காக?" என்றார் நர்ஸக்கா.

"வெடிக்கும்னு நிக்காக. கையெல்லாம் மேல இருக்கு பாருங்க, தோள்பட்டை தெரிய. ஆரம்பிங்க."

"சொல்லாமக் குத்துறது தப்பு."

"அப்பச் சொல்லிட்டுக் குத்துங்க."

அவர் நியாயமானவர். ஒவ்வொருவர் முன்னாலும் போய், "குத்தவாம்மா?" "குத்தவாய்யா?" என்று மரியாதையாகக் கேட்டார். காதைப் பொத்தியவர்கள் எதையோ கேட்கிறார் என்று தலையை ஆட்டினார்கள். நான் பின்னாலேயே டப்பியைத் தூக்கிக்கொண்டு, "அசையாதீக, இப்ப வெடிச்சிரும், இப்ப வெடிச்சிரும்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

மாமியார்தான் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். "எப்பத்தா வெடிக்கும்?"

"குத்தியாச்சு அத்தை."

தோளைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இதுக்கா நான் மூணு வருசம் முள்ளுக்குள்ள ஓடுனேன்?" என்றவர், நேரே வீட்டுக்குள் போய் என் அக்காவையும் குழந்தையையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார். குழந்தையின் சட்டையை அவரே கழற்றினார். "நல்லாப் பாத்துக் குத்துங்கம்மா. இது என் பேத்தி."

நர்ஸக்கா குழந்தையின் குட்டித் தோளில் ஊசியை வைத்துத் திருகி எடுத்தார். அது வீலென்று கத்தியது. அந்தக் கத்தல் ஓயும் முன்னே கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டது. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டயர் வெடிக்கவில்லை. ஊருக்குப் பெரிய ஏமாற்றம். "சுத்துனது யாரு? மருந்து வைக்க மறந்துட்டாளா?" என்று ஒரு கிழவர் என்னைக் கேட்டேவிட்டார். திரும்பி வரும்போது நர்ஸக்கா மறுபடியும் பாட்டை முனகினார், மேகத்தைப் பார்த்தார். சைக்கிள் வழி தப்பிப் பருத்திக் காட்டுக்குள் இறங்கியது. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அம்மை அக்காவின் ஊருக்கும் வந்து, இரண்டு தெருவைச் சுற்றிவிட்டுப் போனது. அதன் பிறகு ஒருநாள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் தண்ணீர்க் குடத்தோடு என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "வேகாத வெயில்ல அந்தக் கிறுக்கி கூட எதுக்குடி அலைஞ்ச?" என்று கேட்டார்கள்.

"கிறுக்குத்தான். நான் இல்லேன்னா சொல்லுதேன்? எங்க அக்கா மக மூஞ்சியை ஒருக்காத் தடவிப் பாத்துட்டு வாங்க, ஒரு தழும்பு இருக்கான்னு. பெறகு எல்லாருமாச் சேந்து அவுகளை வைவோம்" என்றேன்.