முப்பத்தாறு சதம் அண்ணை

லண்டனில் நான் பழகிய இத்தனை பேரில், சொல்வது எந்த ஆண்டு, எந்த நாட்டுச் சங்கதி என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பேச்சைத் தொடங்க வேண்டியிருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அகதி மனு பற்றி ஹோம் ஒபிஸ் அனுப்பும் கடிதங்களில் மட்டும் அது வரும். எங்களுக்கு அவர் முப்பத்தாறு சதம் அண்ணை.

எண்பத்தாறில் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடியை மூன்று பேர் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், ரவி, அண்ணை. எனக்கும் ரவிக்கும் இருபத்தெட்டு வயது, அண்ணைக்கு நாற்பதுக்குக் கிட்ட. மூவருக்கும் ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை, ஷிப்ட் மட்டும் வேறு வேறு. அண்ணைக்கு முதல் நாள் வேலை பழக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். வெள்ளைக்கார மனேஜர் ஒரு கலன் பெற்றோலின் விலையைச் சொன்னார். அண்ணை நெஞ்சில் கையை வைத்தார்.

“கலன் முப்பத்தாறு சதமெல்லோ?”

“எங்கையண்ணை?” என்று கேட்டேன்.

“அமெரிக்காவில.”

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் பெற்றோல் பம்பைப் பார்த்தேன். அன்று ஒட்டிய பெயர்தான்.

பெற்றோல் அவருக்கு ஆரம்பம்தான். முட்டை டசின் என்ன விலை, கடிதத்துக்கு எத்தனை சத முத்திரை, சனிக்கிழமை இரவு எத்தனை மணிக்கு அமெரிக்கக் குடும்பங்கள் ரீவிக்கு முன்னால் குந்தும், எந்தக் கலர் சோபாவில் குந்தும், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அவர் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர் என்று நானும் ரவியும் எடுத்துக்கொண்டோம். இருந்தவர் ஏன் அதை விட்டு இந்த ஈரம் பிடித்த மேல்மாடிக்கு வந்தார் என்பதுதான் விளங்கவில்லை. காதல் தோல்வி என்றான் ரவி. பொலிஸ் விவகாரம் என்றேன் நான். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவதே கிழமையில் ஒரு நாள். அந்த நாளிலும் கேட்கக் கூச்சம்.

சிக்கல் என்னவென்றால், அண்ணையின் பேச்சில் இறந்தகாலம் கிடையாது. “இருந்தது”, “நடந்தது” என்று சொல்லவே மாட்டார். எல்லாம் இன்று காலை நடந்தது போலத்தான் வரும்.

ஒரு காலை நான் பல் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். அண்ணை குளியலறைக் கதவைத் தட்டினார்.

“தம்பி, விலைவாசி எல்லாத்தையும் தொண்ணூறு நாளைக்கு ஏத்தக்கூடாதெண்டு ஜனாதிபதி சட்டம் போட்டிட்டார். சம்பளமும் அப்பிடித்தான்.”

அரைத் தூக்கம். வாய் நிறைய நுரை. அவ்வளவும் எனக்குள் போய் உண்மையாக உட்கார்ந்துவிட்டது. பின்னேரம் மூலைக்கடைக் குஜராத்திக்காரரிடம் அரிசி வாங்கப் போனால், மூட்டைக்கு ஐம்பது பென்ஸ் கூட்டியிருந்தார். “கூட்ட ஏலாது, சட்டம் வந்திட்டுது,” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சண்டை பிடித்தேன். மனிதர் பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டார். மனைவி மகளைக் கூப்பிட்டாள். மகள் சட்டம் படிக்கிற பெண். “யார் போட்ட சட்டம்?” என்று கேட்டாள்.

“ஜனாதிபதி.”

“இங்கே ராணி அல்லவா இருக்கிறார்?”

அரிசியை வாங்காமலே திரும்பி வந்தேன். அண்ணையிடம் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நான் லண்டன் எண்டு சொன்னனானோ?”

அடுத்தது இதைவிட மோசம். ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமாக வரும் ஒரு கிழவியிடம் அண்ணை கல்லாவில் நின்றபடி, பெற்றோல் தட்டுப்பாடு, சனம் விடியவே வரிசையில் நிற்குது, காரின் இலக்கத் தகட்டில் கடைசி எண் ஒற்றை என்றால் ஒற்றை நாளில்தான் ஊற்றலாம் என்று சாவகாசமாகக் கதைத்திருக்கிறார். கிழவி வெளியே போய் இரண்டு பேருக்குச் சொன்னாள். பகல் இரண்டு மணிக்கு நான் ஷிப்டுக்கு வந்தபோது, கார் வரிசை ரயில் ஸ்டேசன் வரை நீண்டிருந்தது. ஒருவன் தன் இலக்கத் தகட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மனேஜர் தலைமயிரைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

“தட்டுப்பாடு என்று யார் சொன்னது?”

“நான்தான்,” என்றார் அண்ணை.

“எங்கே தட்டுப்பாடு?”

“நியூ யோர்க்கில.”

அன்றைய விற்பனை அந்த மாதத்திலேயே அதிகம். அதனால்தான் அவருக்கு வேலை தப்பியது.

இந்த மனிதரை நம்பி ரவி தன் கல்யாணத்தை ஒப்படைத்தான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நடந்தது அதுதான்.

எண்பத்தேழு வைகாசியில் ரவிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் நியூ ஜேர்சியில், தமையனோடு இருக்கிறாள். போட்டோவைப் பார்த்த அன்றே ரவி சாப்பாட்டை விட்டான். தமையன் பெயர் குலம். எஞ்சினியர். ஏதோ அலுவலாக லண்டன் வருகிறாராம், ஞாயிறு பகல் மாப்பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருவாராம். இதற்கு முன் மூன்று மாப்பிள்ளைமாரைப் பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டவர் என்றும் தகவல். ரவிக்கு ஊரில் தகப்பனும் இல்லை, இங்கே உறவென்று ஒருவரும் இல்லை. இந்தச் சம்பந்தம் தவறினால் தனக்கு இன்னொன்று வராது என்று அவன் உறுதியாக நம்பினான்.

“அண்ணை, அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் நான் முழிக்கக்கூடாது. எனக்கு எல்லாம் சொல்லித் தாங்கோ.”

“நீ பயப்பிடாதை,” என்றார் அண்ணை.

அங்கேயே நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். அரிசிக்கடையை மறந்தா போயிருப்பேன்? ஆனால் அமெரிக்காவைப் பற்றித்தானே சொல்லப்போகிறார், அது அவருடைய ஊர்தானே என்று சும்மா இருந்துவிட்டேன். ஐந்து நாள் பாடம் நடந்தது. ரவி பெற்றோல் நிலையத்தில் மிச்சக் காசு கொடுக்கும்போதுகூட உதட்டுக்குள் முணுமுணுத்தான். சனிக்கிழமை அண்ணை ஹரோவில் ஒரு பழைய உடுப்புக் கடையிலிருந்து கால்சட்டை ஒன்று வாங்கி வந்தார். முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

“அங்க எல்லாரும் இதுதான் போடுகினம்.”

ஞாயிறு. குலம் வந்தார். நரைத்த மீசை, ஒடுக்கமான கால்சட்டை. ரவி எழுந்து நின்றபோது அவருடைய பார்வை ரவியின் கால் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணை தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் மாப்பிள்ளைப் பக்கத்துப் பெரிய மனிதராக மூலையில் உட்கார்ந்தேன்.

“அங்க வந்தால் வீடு வாசல் வாங்கிற யோசனை இருக்கோ?” என்று குலம் தொடங்கினார்.

“ஓம். இருபத்தேழாயிரம் டொலருக்கு நல்ல வீடொண்டு எடுக்கலாம்.”

குலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “காரை விடுற கராஜைச் சொல்லுறீரோ?”

“இல்லை, முழு வீடு. காரும் பெரிய செலவில்லை. பெற்றோல் கலன் முப்பத்தாறு சதம்தானே.”

குலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் என்ற கதை எனக்கு நினைவு வந்தது. ரவிக்கு வியர்த்தது. வியர்த்ததில் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கினான்.

“பதினெட்டு வயசிலயே இப்ப வோட்டுப் போடலாமாம். சிகரெட் விளம்பரம் ரீவியில நிப்பாட்டியாச்சு. சந்திரனுக்கு அடுத்த முறை போற ஆக்கள் ஜீப் ஒண்டும் கொண்டுபோகினம்...”

“தம்பி,” என்றார் குலம், மிக மெதுவாக, சுகமில்லாதவரோடு பேசுவது போல. “நீர் கடைசியாப் பேப்பர் பார்த்தது எப்ப?”

குசினி வாசலில் அண்ணை தட்டோடு நின்றார். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டி ஒலித்தன.

“பிழை அவனில இல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

“நீங்கள் அமெரிக்காவில எவடம் இருந்தனீங்கள்?”

“காங்கேசன்துறை.”

அது எங்கள் ஊர்ப் பக்கத்துத் துறைமுகம். நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

“காசநோய் ஆசுப்பத்திரி. எழுபத்தொண்டில போனன், எழுபத்து நாலிலதான் விட்டவை. பதினோராம் கட்டில்.” தட்டை மேசையில் வைத்தார். “ஒரு அமெரிக்கப் பாதிரியார் மாசத்துக்கு ஒருக்கா வருவார். தான் வாசிச்சு முடிச்ச பத்திரிகையள் ஒரு கட்டுக் கொண்டுவந்து போடுவார். வேறை ஒருத்தரும் எங்களைப் பார்க்க வாறதில்லை, அந்த வருத்தம் தொத்துமெண்டு பயம். வாட்டில எனக்கு மட்டும்தான் இங்கிலீசு தெரியும். நான் சத்தமா வாசிச்சுத் தமிழில சொல்லுவன். பதினாலு பேர் படுத்துக்கொண்டு கேப்பினம். விளம்பரமும் விடமாட்டினம். அங்க முட்டை என்ன விலையெண்டு கேட்டுக்கேட்டுச் சண்டை பிடிப்பினம். இரும ஏலாதவனும் கையைத் தூக்கிக் கேள்வி கேப்பான். சில பேர் அடுத்த கட்டு வரமுந்திப் போயிட்டினம்.”

ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை. ரவி முகத்தை மூடிக்கொண்டான், கல்யாணத்துக்காகவா அண்ணைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குள்ளே ஒரே குழப்பம். ஒன்றரை வருஷமாக நான் இந்த மனிதரைப் பகிடி பண்ணியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன். எதற்கு என்று கூடத் தெரியாமல்.

குலம்தான் முதலில் வாய் திறந்தார்.

“நான் எழுபத்தொண்டில படிக்கப் போனனான். ஒரு கிழவி வீட்டில அறை. மற்ற நேரம் ஒரு ஹோட்டல் நிலக்கீழ்க் குசினியில கோப்பை கழுவுறது. எனக்கு அந்த வருஷங்களில என்ன நடந்ததெண்டே தெரியாது.” பிறகு, சாட்சி சொல்பவர் மாதிரி முன்னுக்குச் சாய்ந்தார். “ஒரு சித்திரை மாசம் அந்தக் கிழவி ஒரு கிழமை முழுக்க இறைச்சி சமைக்கேல்லை. நான் சைவமெண்டபடியால் எனக்காக விட்டவ எண்டு...”

“எழுபத்து மூண்டோ?”

“ஓம்.”

“அது உங்களுக்காக இல்லை. இறைச்சி விலை ஏறிப்போச்செண்டு நாடு முழுக்கப் பொம்பிளையள் வாங்காமல் விட்டவை. அந்த மாசம் முதல் கிழமை.”

குலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பதினாலு வருஷமா நான் அந்த மனுசிக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நன்றிக் கார்ட் போடுறன்.”

முதலில் சிரித்தது அண்ணை. பிறகு குலம். அவர் சிரிக்கத் தொடங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அறையில் எங்களுக்கு இடமில்லை. கோடை முழுக்க எல்லாரும் ரீவியைச் சுற்றி நின்று பார்த்த விசாரணை எதைப் பற்றி? ஜனாதிபதி மேல் சனம் ஏன் அவ்வளவு கோபப்பட்டது? குலம் கேட்கக் கேட்க அண்ணை சொல்லிக்கொண்டே போனார். அமெரிக்காவில் இருந்தவர் கேட்டார், காங்கேசன்துறையில் படுத்திருந்தவர் பதில் சொன்னார். ரவி அந்தக் கால்சட்டையோடு சுவரோரம் இரண்டு மணி நேரம் நின்றான். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் சப்பாத்துப் போடும்போதுதான் குலத்துக்கு வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

“எனக்குச் சம்மதம். தங்கச்சியோடையும் கதையும். ஆனால் இந்தக் கால்சட்டையோட பிளேன் ஏறாதையும்.”

எல்லாருடைய விசாப் பத்திரங்களும் சரிவந்து கல்யாணம் நடக்க மூன்று வருஷம் போனது. மாப்பிள்ளையின் தகப்பன் இடத்தில் நிற்க அண்ணை அமெரிக்கா போனார். பிளேன் ரிக்கெற் அனுப்பியது குலம். ஒரு மாதம். பெற்றோல் நிலையத்தில் அந்த மாதம் ஒரு குழப்பமும் நடக்கவில்லை. வானொலியில் வந்த செய்தியோடு வேறு நாடு, வேறு ஆண்டு ஒன்றும் கலக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

திரும்பி வந்த அன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு ஹீத்ரோவுக்குப் போனேன். அண்ணை புதுக் குளிர்ச்சட்டையோடு வந்தார்.

“எப்பிடியண்ணை அமெரிக்கா?”

“பார்க்க எங்கை நேரம்? எல்லாரும் வந்து இருந்து லண்டனைப் பற்றித்தான் கேக்கினம். ஒரு மாசமும் அதுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். உன்னைப் பற்றியும் சொன்னன்.”

“என்னெண்டு?”

“நல்லாச் சமைப்பான் எண்டு.”

நான் வைக்கும் அடிப்பிடித்த பருப்பை அவர் நாலு வருஷம் சாப்பிட்டவர். அவருடைய பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வழி நெடுக என்னைப் பற்றி அங்கே சொன்னதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் பிழை. நான் ஒன்றையும் திருத்தவில்லை.