எலி தின்ற ஏலக்காய் உருண்டை

என் கணவர் சேகர் பொய் சொல்கிறார். எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும் பந்தியில் உட்கார்ந்து அதே கதையைத்தான் எடுத்து விடுகிறார். "எம் பொண்டாட்டி எலிக்கு ஏலக்காய் உருண்டை புடிச்சிப் போட்டு டாக்டர் ஆனவ." உடனே இலை இலையாகச் சிரிக்கிறார்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். உருண்டை பிடித்தது நான் இல்லை. அதை இவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அப்போது திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். வீடு விழுப்புரம். தினமும் பஸ். டாக்டர் பட்டம் முடித்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அந்த வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். ஆகவே என் பிழைப்பு முழுக்க சில சுண்டெலிகளின் ரத்தக்குழாயில் இருந்தது.

ஆராய்ச்சி இதுதான். சாதாரணச் சுண்டெலி எவ்வளவு கொழுப்பைத் தின்றாலும் அதன் ரத்தக்குழாய் லேசில் அடைக்காது. அதனால் ஒரு மரபணுவை நீக்கி வளர்த்த சுண்டெலிகளை வாங்குவார்கள். அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் வெளியேறாமல் தேங்கும். ஒரு பிரிவுக்குச் சாதாரணத் தீனி. இன்னொரு பிரிவுக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி. சில மாதம் கழித்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயை மெல்லிசாகச் சீவி, கொழுப்பில் மட்டும் ஒட்டும் சிவப்புச் சாயத்தைப் போட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சிவப்பு எங்கே அதிகமோ அங்கே அடைப்பு அதிகம்.

வெளிநாட்டிலிருந்து வரும் தீனியை வாங்கக் கல்லூரிக்கு வசதி இல்லை. "வீட்டுலயே செஞ்சிடும்மா" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். ஆக, ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், சாதாரணத் தீனியை இடித்து, அவித்த மஞ்சள் கருவும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டிக் காயவைத்தேன். (வீடெல்லாம் கவுச்சி. காக்கா ஒண்ணு குடும்பத்தோட எங்க மாடியிலேயே குடியேறிடுச்சு.)

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் என் மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நாளையிலேர்ந்து முட்டை இந்த வூட்டு வாசப்படி தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

"அத்தை, நமக்கு இல்ல. எலிக்கு."

"எந்த வூட்டு எலி? நம்ம வூட்டுல செஞ்சத துன்ற எலிதான?"

இதற்கு எந்த அறிவியல் புத்தகத்திலும் பதில் இல்லை. நான் கத்தினேன். அவரும் கத்தினார். மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர், கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் சமாதானத்துக்கு வந்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? கண்டமங்கலத்துல நம்ம பிரெண்டு ஒருத்தரு கோழிப்பண்ணை வெச்சிக்கினு இருக்காரு. அவுரு வூட்டுல முட்டைக்கா பஞ்சம்? வாராவாரம் அங்கயே செஞ்சி எடுத்தாந்து குடுத்துடறேன். நீ பாட்டுக்கு காலேஜி போ."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு கணவர் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன். (யாருக்கும் கிடைக்கக் கூடாதுன்னு இப்ப நெனைக்கிறேன்.)

சொன்னபடியே வாரம் ஒரு தூக்கு நிறைய மஞ்சள் மஞ்சளாக உருண்டை வந்தது. ஒருநாள் மோந்து பார்த்தேன்.

"என்னங்க, ஏலக்காய் வாசனை வருது?"

"பஸ்ல எடுத்துக்கினு போறல்ல? கவுச்சி அடிச்சா கண்டக்டரு கீழ எறக்கி வுட்டுடுவான். அதான் ரெண்டு ஏலக்கா தட்டிப் போடச் சொன்னேன்."

நம்பினேன். ஆய்வேட்டின் முதல் பிரதியில், நன்றியுரையில் கடவுளுக்கும் வழிகாட்டிக்கும் அடுத்தபடியாக அவர் பெயரைப் போட்டேன். துறை அலமாரியில் அந்தப் பிரதி இன்னும் இருக்கிறது. அழிக்க முடியாது.

புரட்டாசி முடிந்தால் பழையபடி நானே செய்யலாம் என்று பார்த்தேன். ஐப்பசியில் அத்தைக்கு சஷ்டி விரதம். கார்த்திகையில் என் கணவர் மாலை போட்டுக்கொண்டார். மார்கழி வந்தது. எங்கள் வீட்டுக்குள் ஒரு முட்டை நுழையக் காலண்டரில் இடமே இல்லை. கண்டமங்கலம் நண்பர் வாழ்க என்று நானும் விட்டுவிட்டேன்.

உருண்டை தின்ற எலிகள் கொழுகொழுவென்று ஆயின. மயிர் பளபளத்தது. கூண்டைத் திறந்தால் மற்ற எலிகள் ஓடி ஒளியும், இந்தப் பிரிவு மட்டும் தட்டை எதிர்பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொழுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் குழாயைச் சீவிப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் சிவப்பு ஒரே மாதிரிதான். அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி. ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் ஏறக்குறைய ஒன்று. மூளை உள்ள யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தீனியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் உலகத்தைச் சந்தேகப்பட்டேன். இத்தனை காலமும் எல்லாரும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், உண்மை திண்டிவனத்தில்தான் வெளிவரப்போகிறது என்று முடிவு செய்தேன். எலியின் உடல் முட்டைக்கே பழகிக்கொள்கிறது என்று ஒரு கோட்பாடும் எழுதினேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு.

வழிகாட்டி மட்டும், "தீனியைச் சோதிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"மேடம், என் வீட்டுக்காரரே முன்னால நின்னு செஞ்சது."

"அதனாலதான் கேக்குறேன்."

எனக்குக் கோபம் வந்தது. சோதிக்கவில்லை.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் துறையில் எல்லார் முன்னிலையிலும் விளக்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். இந்த மாதிரிக் கூட்டத்தில் டீயும் பலகாரமும் ஆராய்ச்சி செய்பவர் செலவு. எங்கள் அத்தை விடுவாரா? "கடைப் பலகாரம் எதுக்கு?" என்று நெல்லிக்காய் அளவு ஏலக்காய் உருண்டை ஒரு சம்படம் நிறையக் கொடுத்துவிட்டார். என் கணவரும் மாமாவும் அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. மருமகள் இதயத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வேட்டியெல்லாம் கஞ்சி போட்டு வந்திருந்தார்.

நான் பிரமாதமாகப் பேசினேன். நிபுணர் உருண்டை ஒன்றை மென்றுகொண்டே கேட்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். பிறகு மேஜையில் காட்சிக்கு வைத்திருந்த எலித்தீனி பாட்டிலைத் திறந்தார். ஒரு குண்டை நசுக்கினார். மோந்தார். தன் தட்டைப் பார்த்தார். தட்டில் இருந்ததை எடுத்து மோந்தார். மறுபடியும் பாட்டில்.

"இது எங்கேம்மா செஞ்சது?"

"எதைக் கேக்குறீங்க சார்? உருண்டையா, தீனியா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அறையில் எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அப்போது கடைசி வரிசையில் என் மாமனார் எழுந்தார். அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியாது. மனைவிக்குப் பாராட்டு வருகிறது என்று நினைத்துவிட்டார்.

"ரெண்டும் எங்க வூட்டம்மா கைப்பக்குவங்க சார். மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, கேப்பை மாவு, வெல்லம், ஏலக்கா. மருமவ காலேஜிக்குப் போனப்புறம் ஒரே அண்டாவுல பெசைஞ்சதுதான். எலிக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சத்தூளு சேக்கறது."

"மஞ்சத்தூள் எதுக்குங்க?"

"முட்டை நெறம் வரணும்னு பையன் சொன்னான் சார்."

"நெய்?"

"எலிக்கு எதுக்கு சார் நெய்யி?"

நிபுணர் பாட்டிலை மூடினார். "அம்மா, செடியிலேர்ந்து வர்ற எதுலயும் கொலஸ்ட்ராலுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இருக்காது. உங்க எலிங்க சுத்த சைவம்."

புரட்டாசி, சஷ்டி, கார்த்திகை, மார்கழி என்று ஒன்று விடாமல் என் எலிகள் விரதம் இருந்திருக்கின்றன. கழுத்தில் துளசி மாலை இல்லாத குறைதான். என் வழிகாட்டி பாதி கடித்த உருண்டையைக் கைக்குட்டையில் சுற்றினார். யாரோ, "அப்ப நாம துன்னது எலித்தீனியா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கணவரைத் தேடினேன். நாற்காலி காலி. ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. அந்த ஒரு நியாயம்தான் அன்றைக்கு நடந்தது.

"ஏன் சொல்லல?" என்று வெளியே ஓடிப்போய், வாசல் காவலாளி பார்க்கக் கேட்டேன்.

"சொன்னா நீ அம்மாகிட்ட கத்துவ. அம்மா உங்கிட்ட கத்தும். மாலை போட்டுக்கினு நான் எந்தப் பக்கம் நிக்கிறது? எலிதான, எதைப் போட்டாலும் துன்னும்னு நெனைச்சேன்."

நிரந்தர வேலை அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. கடன் வாங்கி மறுபடியும் எலி வாங்கினேன். இந்த முறை கல்லூரிப் பின்புறத்தில் அடுப்பு மூட்டி, ஒவ்வொரு முட்டையையும் நானே அவித்தேன். சீவிப் பார்த்தால் கொலஸ்ட்ரால் தின்ற பிரிவில் சிவப்பு திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது, மற்றதில் கொஞ்சம்தான். எல்லாரும் சொல்லி வந்ததுதான் சரி. உலகம் தப்பில்லை, நான்தான் தப்பு. பட்டமும் வேலையும் தாமதமாக வந்தன.

இப்போது ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அப்ப மஞ்சக்கரு சாப்பிடலாமா கூடாதா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் மரபணு நீக்கிய எலியா என்று திருப்பிக் கேட்கிறேன். உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அத்தை மட்டும் அடங்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் உருண்டையை நீட்டி, "துன்னு, ஒண்ணும் அடைக்காது. எம் மருமவ எலிக்குக் குடுத்தே பாத்துட்டா" என்கிறார்.

அதுகூடப் போகட்டும். வருகிற தை மாதம் திண்டிவனத்தில் என் நாத்தனார் பெண்ணுக்குக் காதுகுத்து. மொத்த சொந்தமும் வரும், மைக் செட் உண்டு. என் கணவர் கதையை ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். அதற்கு முன்னால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மைக்கைப் பிடித்து இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: கண்டமங்கலத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அந்த நண்பரின் பெயர் என்ன?