மங்களம் பாடாத யுகம்

போடிநாயக்கனூரில் ஒரு யுகத்தையே முடியவிடாமல் ஒற்றை ஆளாய் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர் ‘மறுமலர்ச்சி’ அண்ணன். ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்தது பிழைப்புக்கு. எங்கள் நாடக மன்றத்தில் ராஜா வேடம் போட்டதுதான் வாழ்க்கை. மன்றம் நடந்த வருடங்களை ‘போடியின் கலை மறுமலர்ச்சிக் காலம்’ என்று அறிவித்தவர் அவர்தான். வேறு யாரும் அறிவிக்க முன்வரவில்லை.

அந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பதில் தகராறு உண்டு. தான் கிரீடம் வைத்த நாள் என்றார் அண்ணன். தான் பெட்டியைத் திறந்த நாள் என்றார் ஆர்மோனியக்காரர். காவலாளியாக நான் ஈட்டி பிடித்து நின்ற நாளை யாரும் கேட்கவில்லை.

முடிவு எல்லோருக்கும் தெரியும், அண்ணனைத் தவிர. கடைசி நாடகத்தன்று பேய்மழை. குரங்கணி மலைப்பாதையில் மண் சரிந்து, நாடகம் பார்க்க வரும் எஸ்டேட் ஆட்களின் ஜீப்புகள் இறங்கவில்லை. நாற்காலிகளில் தண்ணீர்தான் உட்கார்ந்திருந்தது. பாதி நாடகத்தில் ராஜா நிறுத்தினார். “ஆளுக வரட்டும், பெறகு பாப்போம்.” ஆட்கள் வரவில்லை, கைக்குக் கை செல்போன் வந்தது.

கடைசியில் எல்லோரும் நின்று மங்களம் பாடினால்தான் நாடகம் முடிந்ததாக அர்த்தம். அன்று பாடவில்லை. ஆகவே அது இன்னும் நடக்கிறது என்பது அண்ணன் கட்சி. சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கினால் பின்னாலிருந்து “அடேய் காவலா!” என்று இடி இடிக்கும். “மன்னா!” என்று குனியும்வரை விடமாட்டார். என் மனைவி என்னோடு சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

இப்போது அண்ணன் படுத்த படுக்கை. திருவிழாக் கமிட்டிப் பையன்கள் ஊர்ப் பெருமை என்று பிளெக்ஸ் வைக்கிறார்கள். அதில் எங்களுக்கும் ஒரு கட்டம்.

“ஆரம்பம், முடிவு ரெண்டு வருசமும் வேணும்ணே. வெரசா கேட்டு வாங்க” என்றான் ஒருவன் என்னிடம்.

“‘இதுவரை’ன்னு போட்டா என்னப்பா?”

“ஆளே இல்லாம ‘இதுவரை’யா? ஊரு சிரிக்கும்ணே.”

அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“முடிஞ்ச வருசத்தைச் சொல்லுங்கண்ணே.”

“மங்களம் பாடியாச்சா?”

“யாருண்ணே பாட? ஆர்மோனியம் போய்ச் சேந்துட்டாரு. ராணி வேசம் போட்டவரும் போயிட்டாரு. மிச்சம் நாம ரெண்டு பேருதான்.”

அண்ணன் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“அப்ப நீ பாடு தம்பி. பாடிட்டு, முடிஞ்சுதுன்னு போட்டுக்க.”

எழுந்து நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தன.

“தொண்டை கட்டியிருக்குண்ணே” என்றேன். “நாளைக்குப் பாடுறேன்.”

தினமும் போகிறேன். அந்த வாசலை மிதித்தாலே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.