‘வாசிக்கவா?’ என்றது பெட்டி

நான் உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் எழுதியவன். ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். ஆனால் அந்த ஒருவர் என் மாமி. (என் மனைவி செல்வியைப் பெற்றவர். அவர் வீட்டில் இருக்கும்போது நான் இருமுவதற்குக்கூட வாசலுக்குப் போகிறவன்.)

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைக் கொலைகாரன் என்று நினைப்பீர்கள். நோர்வூட் கடைவீதியில் ஒரு கொமினிகேஷனில் வேலை. போட்டோகொப்பி, லெமினேட், அடையாள அட்டைக்குப் படம், இடையிடையே மரணம். சுற்றியிருக்கும் தோட்டங்களில் யார் கண்ணை மூடினாலும் கண்ணீர் அஞ்சலி அச்சடிக்க எங்களிடம்தான் வருவார்கள். வரிகள் என்னுடையவை. இளம் வயதில் வசன கவிதை எழுதி, இரண்டு புத்தகம் போட்டு, இரண்டையும் சொந்தக்காரர்களுக்கே கொடுத்துத் தீர்த்தவன் நான். அரிக்கிற கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே, செத்தவர்கள் மேல் வைத்தேன். அவர்கள் ஒருபோதும் திருத்தம் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் மாமிக்கு மூச்சுத் திணறல் வந்தது. மருதாயி என்றால் எங்கள் தோட்டத்தில் மலைக்கே தெரியும். முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். கங்காணி அதட்டினால் திருப்பி அதட்டி, அவரையே மன்னிப்புக் கேட்க வைத்தவர். அப்படிப்பட்டவரை வேனில் மடித்து வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கிய ஒவ்வொரு தடவையும், இனி ஏறாதோ என்று எண்ணுவதை நிறுத்திக் காத்திருந்தேன்.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் நர்ஸிடம் சண்டைக்குப் போவார்கள். எனக்கு வாக்கியம் வரும். போனைத் திறந்தேன். பிரவுசரில், நான் கவிதை எழுதுகிற பக்கத்தில், ‘மலை இறங்கிய நாள்’ என்று தலைப்பிட்டேன். “மருதாயி அம்மாள் இனி இல்லை. அவர் ஏறிய மலைகள் இன்று தாமாகவே இறங்கி வந்து வாசலில் நிற்கின்றன.” விரல் நிற்கவில்லை. விடியும்போது ஆறு பத்தி. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சாக வேண்டும் என்று எழுதவில்லை. எழுதி முடிக்கும்வரை சாக மாட்டார் என்று ஏதோ ஒரு கிறுக்கு நம்பிக்கை.

அவர் சாகவில்லை. ஒன்பதாம் நாள் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் கேட்டார். டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆனா அம்மாவுக்கு அதிர்ச்சி மட்டும் ஆகவே ஆகாது” என்றார்.

நியாயமாக, அன்றைக்கே அந்தப் பக்கத்தை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ஏன்? நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.

கொழும்பில் போன் கடையில் வேலை செய்யும் என் மச்சான் சிவா, அம்மாவைப் பார்க்க ஒரு பழைய லெப்டொப்போடு வந்தான்.

“அக்கா, அம்மா சும்மா கூரையப் பாத்துக்கிட்டு படுத்துக் கெடக்க வேணாம். இதுல பிரவுசர்லயே பேசுறது ஒன்னு இருக்கு. வாயால கேட்டா வாயால பதில் சொல்லும். செய்தியெல்லாம் வாசிச்சுக் காட்டும்” என்றான். என் பக்கம் திரும்பி, “மச்சான், உங்க கணக்குலயே போட்டுர்றேன். ஒரு நிமிசம் போனக் குடுங்க” என்றான்.

கொடுத்தேன். திரையைத் துடைத்து வேறு கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அவன் போய்விட்டான். பெட்டி தங்கிவிட்டது. மாமிக்கு அந்தக் குரலை ஒரே நாளில் பிடித்துப்போனது. “முந்தி நம்ம ஸ்கூல்ல இருந்த யாழ்ப்பாணத்து டீச்சரம்மா பாடம் வாசிக்கிற மாதிரியே இருக்கு” என்று அதற்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்து, ‘ங்க’ போட்டுப் பேசினார். (என்னிடம் ‘ங்க’ போடுவார்தான். ஆனால் அதில் ஒரு கத்தி இருக்கும்.)

ஒரு மாலை, டயகமப் பக்கம் தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருந்த செய்தியை வாசிக்கக் கேட்டுவிட்டு, மாமி சும்மா, “அது யாரையும் அடிச்சிருச்சா டீச்சரம்மா?” என்றார். பெட்டி யோசிக்காமல், “இல்லை. அந்தச் சிறுத்தை காட்டுக்குள் போய்விட்டது” என்றது.

எனக்கு வியப்பு. ‘அது’ என்றால் சிறுத்தை என்று எப்படித் தெரிந்தது? சிவாவுக்குப் போன் போட்டேன்.

“தொறந்திருக்க பக்கத்த எல்லாம் பாக்கும் மச்சான். நாம எதப் பத்திக் கேக்குறோம்னு அதுல இருந்து புரிஞ்சுக்கும்.”

“எந்தப் பக்கத்த?”

“எல்லாத்தையும்தான். உங்க போன்ல தொறந்து வச்சதெல்லாம்கூட அங்க வந்திருச்சு. இருவத்தாறு டேப் கெடக்கு. ஒன்னையுமே மூட மாட்டீங்களா மச்சான்?”

போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். திரையின் தலைமாட்டில், எங்கள் லயத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒற்றை அறைக் காம்பராக்கள் மாதிரி, இருபத்தாறு சின்னச் சின்ன கதவுகள். அதில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் மாமி செத்துக் கிடந்தார். அதே மாமி அந்தப் பெட்டிக்கு முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு, “டீச்சரம்மா, அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். டொக்டரின் குரல் என் காதில் மணியடித்தது. அதிர்ச்சி ஆகவே ஆகாது. கேட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? நான் எழுதியதே அவரைக் கொன்றுவிட்டால்? எழுதிய இரங்கல் வீணாகாது என்ற கேவலமான ஆறுதல் ஒன்றும் உள்ளே எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து இன்னும் பயந்தேன்.

மறுநாள் அவர் கண் அயர்ந்த நேரம் பூனைபோல் போய்ப் பெட்டியின் அருகில் குனிந்து, “அந்தப் பக்கத்த மூடு” என்று கிசுகிசுத்தேன்.

பெட்டிக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. “எந்தப் பக்கத்தை மூட வேண்டும்? ‘மலை இறங்கிய நாள்’ என்ற பக்கத்தையா?” என்று லயத்துக்கே கேட்கும்படி கேட்டது.

மாமி ஒரு கண்ணைத் திறந்தார். “எந்த நாளு மாப்பிள?”

“நாளைக்கு… நாள் நல்லா இருக்கானு கேட்டேன் மாமி.”

“அத ஏன் கோழி திருட வந்தவரு மாதிரி கேக்குறீங்க?” என்றவர், பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது அந்த மடியை விட்டு இறங்கவில்லை.

வழி இருந்தது. கடையில் உட்கார்ந்து போனிலேயே அழித்துவிடலாம். அழிக்கத்தான் திறந்தேன். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வாசித்தேன். அங்கேதான் அழிந்தேன். மூன்றாம் பத்தியில், “அவர் செருப்புச் சத்தத்துக்கு இருபது வருடம் எழுந்து நின்றேன். இனி எந்தச் சத்தத்துக்கு எழுந்து நிற்பேன்?” என்று இருந்தது. ‘எழுந்து நிற்பேன்’ என்பதா, ‘எழுவேன்’ என்பதா? திருத்திவிட்டு, ஒரு கொப்பியில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அழிக்கலாம். நான்கு நாள் அந்த ஒரு சொல்லை மாற்றினேன், மாற்றியதை மாற்றினேன். தூக்கு மேடைக்குப் போகிறவனுக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி ஒரு வேலை.

அந்த நான்கு நாளும் என்னைக் காப்பாற்றியது மூடுபனி. பனி இறங்கினால் எங்கள் லயத்தில் சிக்னல் செத்துவிடும், பெட்டி ஊமையாகிவிடும். வாழ்நாளெல்லாம் சிக்னலுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றவன், முதல் தடவையாகப் பனியிடம் கை கூப்பினேன். இறங்கு தாயே, இன்னும் இறங்கு, ஜன்னலை மூடு, கூரையை மூடு, கம்பத்தை மூடு.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது.

எனக்கு லீவு. செல்வி பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாமியோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த பாக்கியம் அக்கா, கையில் தோடம்பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார். பாக்கியம் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரியை முதலில் எடுப்பது அவர்தான். அவர் தொண்டை திறந்தால்தான் மற்ற தொண்டைகள் திறக்கும்.

“இந்தப் பொட்டிக்குத் தெரியாததே இல்லடி” என்றார் மாமி.

“சும்மா இரு அக்கா. பொட்டிக்கு என்னா தெரியும்?”

“பாக்குறியா? டீச்சரம்மா, மருதாயின்னா யாருனு சொல்லுங்க. இவ நம்ப மாட்டேங்குறா.”

“மருதாயி என்ற பெயரில், நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கம் ஒன்று உள்ளது. இன்று காலை திருத்தப்பட்டது. வாசிக்கவா?”

‘வேணாம்!’ என்று நான் கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“வாசிங்க, வாசிங்க” என்ற மாமி, பாக்கியத்தை இடித்தார். “பாத்தியா? என்னப் பத்தி வந்திருக்கு.”

“மலை இறங்கிய நாள். மருதாயி அம்மாள் இனி இல்லை.”

அடுத்த நொடி பாக்கியம் அக்காவின் கை தானாக மார்புக்குப் போனது. நாற்பது வருடப் பழக்கம், காது கேட்டதும் தொண்டை திறந்துவிட்டது.

“மலையேறிப் போனவளே… மருதாயி அக்கா… மருந்து வந்து சேருமுன்னே மறைஞ்சு போனீயே…”

“அடியே, நான் இங்கதான்டி ஒக்காந்திருக்கேன்!”

“இரு அக்கா, எடுத்தத முடிச்சிர்றேன்” என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போனார் பாக்கியம் அக்கா.

மேல் லயத்தில் ஒரு குரல் சேர்ந்தது. கீழ் லயத்தில் இரண்டு. யாரோ தப்பு மேளத்தை எடுத்து நெருப்பில் காய்ச்சத் தொடங்கினார்கள். இரண்டாம் நம்பர் மலையிலிருந்து பெண்கள் பாதி நிரம்பிய கொழுந்துச் சாக்கோடு இறங்கினார்கள், பின்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கங்காணி. (உயிரோடு இருந்தவரை மாமிக்கு அவர் தொப்பியைக் கழற்றியதே இல்லை.) எல்லோருக்கும் முன்னால், குடத்தைப் பீலியிலேயே போட்டுவிட்டு, தலைவிரி கோலமாகச் செல்வி ஓடிவந்தாள். என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னங்க, அம்மாவுக்கு என்னங்க? சொல்லுங்க!”

நான் மாமியின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இறங்கியது. மறுபடி அதே கண்ணாடிக் கதவு. மறுபடி அதே எண்ணிக்கை.

மாமி கையைத் தூக்கினார். “எல்லாரும் சத்தம் போடாம ஒக்காருங்க. இன்னும் வாசிச்சு முடியல.”

உட்கார்ந்தார்கள். செத்தவரே சொல்லும்போது என்ன செய்வது? டீச்சரம்மா நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாமல், என் உயிரை வாசித்துக்கொண்டிருந்தது. “அவர் கூடையில் மேகம் நிறைந்தது” என்றபோது மாமி குறுக்கிட்டார்.

“மேகத்தக் கொண்டு போய் நிறுக்க வச்சா கணக்கப்பிள்ள வுடுவாரா? நான் கூடைய வுட்டு எத்தன வருசம் ஆச்சு. சாக்குனு போடச் சொல்லுங்க.”

“போட்டுருவோம் மாமி” என்றேன். அதுதான் அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை. முற்றம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

“ரொம்ப நீளமா இருக்கு. கேக்குற எனக்கு மூச்சு வாங்குது” என்றார் மாமி. “சுருக்கமாச் சொல்லுங்க டீச்சரம்மா.”

பெட்டி உடனே சுருக்கியது.

“சுருக்கம்: மருதாயி இறந்துவிட்டார். மருமகனுக்கு அவரிடம் பயம். அவர் இல்லாமல் இருக்க அதைவிடப் பயம்.”

ஆறு பத்தி. எத்தனை மேகம், எத்தனை மலை! நான் இருபது வருடம் சுற்றி வளைத்ததைப் பெட்டி மூன்று வரியில் முடித்துவிட்டது.

மாமி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. முகம் கறுத்தது, கண் மேலே போனது, செல்வி “அம்மா!” என்று அலறினாள். பாக்கியம் அக்காவின் கை மறுபடி மார்புக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல். ‘சாக்குனு மாத்துறேன் மாமி, மேகத்த எடுத்துர்றேன், மலைய எடுத்துர்றேன், எல்லாத்தையும் எடுத்துர்றேன்’ என்று நான் புலம்பியதாகச் செல்வி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

இத்தனை நாளாக நெஞ்சைக் கட்டியிருந்த சளி ஒரே இருமலில் வெளியே வந்தது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். சத்தமே இல்லாத, சுத்தமான மூச்சு.

“தண்ணி” என்றார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து போன நோண்டுனீங்களே, இதத்தானா?”

“ஆமா மாமி.”

“மூக்க மூக்க உறிஞ்சிக்கிட்டு எழுதுனீங்க. அதப் பாத்து நான் செத்துத்தான் போயிட்டேனு நானே நெனச்சேன்.” தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அழிச்சிறாதீங்க. சாக்க மட்டும் மாத்துங்க” என்றார்.

அன்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள். கங்காணி மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

இப்போது நல்லது கெட்டது எதுவானாலும் நான் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் தாண்டினால், வீட்டில் யாராவது ஒருவர், “சுருக்கமாச் சொல்லுங்க டீச்சரம்மா” என்பார்கள். சிவா கொழும்பிலிருந்து போனிலேயே சொல்வான். பாக்கியம் அக்கா வழியில் கண்டால், “என் ஒப்பாரி மிச்சம் இருக்கு, உங்க மாமி எப்படி இருக்காங்க?” என்று கேட்பார். மாமி நன்றாக இருக்கிறார். அந்த இரங்கலில் இதுவரை பதினான்கு திருத்தம் சொல்லிவிட்டார், இன்னும் ஒப்புதல் தரவில்லை.

போன வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது, மாமி பெட்டியிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிச் சொல்லி எழுத வைத்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டார். அவர் தூங்கியதும் எட்டிப் பார்த்தேன். அந்தக் காம்பரா வரிசையின் கடைசியில் இருபத்தேழாவதாக ஒரு புதுக் கதவு, ‘மாப்பிள’ என்ற தலைப்போடு.

மூடவில்லை. திறக்கவுமில்லை. சுருக்கம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.