கரையிலிருந்தே படகு பார்ப்பவர்

பெரிய நகரம் ஒவ்வொன்றிலும், தெருவுக்கு ஒருவர் வீதம், இலவச நாள் நிபுணர் என்றோர் இனம் வாழ்ந்து வருகிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் சுருட்டிய பாய், தண்ணீர் பாட்டில், வீட்டிலிருந்து கட்டி வந்த ரொட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குடை. முகத்தில் ஊரையே ஏமாற்றிவிட்டு வந்த சந்தோஷம். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் வீட்டை விட்டு வெளியே வரமாட்டான். இவரோ வீட்டிலேயே இருக்க மாட்டார்.

அருங்காட்சியகத்தில் எந்தக் கிழமை கடைசி ஒரு மணி நேரத்துக்கு டிக்கெட் கேட்க மாட்டார்கள், எந்தப் பேருந்து ஒரே டிக்கெட்டில் ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும், எந்தக் கடையில் சோபாவில் அரை மணி நேரம் சாய்ந்திருந்தாலும் என்ன வேண்டும் என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள், எந்தப் புத்தகக் கடையில் ஏசி நன்றாக இருக்கும், நின்றுகொண்டே முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தாலும் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். இவர் கூலி கேட்பதில்லை. கரும்புக்கு விலை என்றால்தான் இனிப்பு உடம்புக்கு ஆகாது என்பார்.

எனக்கு இந்த இனத்தில் ஒருவர் சொந்தமாகவே இருக்கிறார். என் அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். நல்ல சம்பளம். கையில் காசில்லாத மனிதர் என்றால் இதை நான் எழுதவே மாட்டேன்.

நகரத்தை உயரத்திலிருந்து பார்க்கக் கோபுரத்தில் டிக்கெட் வாங்குகிறார்கள் அல்லவா? அத்தானுக்கு எந்தக் கட்டடத்தில் எந்த மாடி ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது அத்துப்படி. எங்களைப் பதினான்காவது மாடியில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் நிறுத்தினார். ஊர் முழுவதும் தெரிந்தது. வரவேற்பில் இருந்த பெண் யாருக்குப் பல் என்று கேட்டதும், அக்கா மகள், சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை, வாயைத் திறந்து காட்டினாள்.

அருங்காட்சியகத்துக்குப் போனதும் இப்படித்தான். ஐந்து மணிக்குத் தொடங்கும் இலவச நேரத்துக்கு இரண்டு மணிக்கே வாசலில் நிறுத்திவிட்டார். உள்ளே போய் வந்தவர்களிடமெல்லாம் என்னென்ன இருக்கிறது என்று மூன்று மணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது எங்களுக்குப் புதிதாகப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. திமிங்கல எலும்புக்கூட்டை மட்டும் வாலிலிருந்து தலைவரை ஓடியபடியே பார்த்துவிட்டு வந்தோம். இந்த ஊரில் காசு கொடுத்துச் சுற்றுகிறவன் ஊர் தெரியாதவன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பூங்கா ஏரியில் மிதித்து ஓட்டும் படகு ஒன்றில் ஏற வேண்டும். கல்யாணமான புதிதில் கேட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அத்தான் அவளை ஏரிக்கரை வரை அழைத்துப் போய், நல்ல பெஞ்சாகப் பார்த்து உட்கார வைத்து, அதே விளக்கத்தைச் சொல்வார்.

"படகுல உக்காந்தா படகா தெரியும்? வெறும் தண்ணிதான் தெரியும். படகைப் பாக்கணும்னா கரைதான் சரி."

அக்கா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

போன மாதம் அதே ஏரிக்கரையில் இலவசக் கச்சேரி. ஆறு மணிக் கச்சேரிக்கு மூன்று மணிக்கே முதல் வரிசையில் பாய் விரித்தாயிற்று. காற்றில் பறக்காமல் நான்கு மூலைக்கும் பாரம் வேண்டுமே? ஆளுக்கு ஒரு செருப்பு வாங்கி வைத்தார் அத்தான். நாலு பேரும் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்கும் எழுந்து போக முடியாது என்பது கூடுதல் லாபம்.

ஐந்தரை மணிக்கு அக்கா மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிப் பாயில் வைத்தாள். குழந்தைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வெறுங்காலோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பொய் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் எங்கள் கண்ணெதிரே தண்ணீரில் ஒரு படகு வந்தது. முன்னால் அக்காவும் மகளும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாயில் நானும்தான் ஓசியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒரு டிக்கெட் வாங்கித்தர எனக்கும் தோன்றவில்லையே?

அத்தான் எழுந்து நின்றார். ஒரு கால் பாயில், ஒரு கால் புல்லில். பாயை விட்டால் இடம் போய்விடும். படகைப் பார்த்தார். சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

அக்கா படகைக் கரையோரத்துப் படித்துறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"மூணு டிக்கெட் வாங்கிட்டேன். திருப்பித் தர மாட்டாங்களாம். நீங்க வரலைன்னா ஒண்ணு வீண்."

வீண்! அந்தச் சொல்லை மட்டும் என் அத்தானால் தாங்க முடியாது. பாயாவது இடமாவது? ஒற்றைச் செருப்போடு ஓடிப் படகில் ஏறினார். பாய்க்கு நான் காவல். அவர் போன மறுநிமிஷம் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்து, செருப்புகளை என் மடியில் அடுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

நேரமாகிவிட்டது என்று படகுக்காரர் விசில் ஊதியபோது, இன்னும் மூன்று நிமிஷம் பாக்கியிருக்கிறது என்று அத்தான் கடிகாரத்தைக் காட்டித் தண்ணீரிலிருந்தே வாதாடிக்கொண்டிருந்தார். அந்த மூன்று நிமிஷத்தில் கச்சேரியும் ஆரம்பமானது. முதல் பாட்டு முழுவதையும் மூவரும் படகிலிருந்தே கேட்டார்கள்.

மறுநாள் முதல் அத்தான் சந்திப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "கச்சேரி கேக்கணும்னா முதல் வரிசை சரிப்படாது. படகுதான் சரி. படகுக்கு டிக்கெட் வாங்கிட்டா பாட்டு இலவசம்." கண்டுபிடித்தவர் அவரேதான் என்பது அவர் எண்ணம். அக்கா மறுப்பதில்லை. அடுத்ததாகக் கோபுரத்துக்கு எத்தனை டிக்கெட் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் வீட்டில் எது, எத்தனை வருஷமாகக் கரையிலேயே நிற்கிறது? நான் கேட்க மாட்டேன். இன்னொன்று மட்டும் கேட்கிறேன். இந்தப் பக்கத்தை எங்கே நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஏசி நன்றாக இருக்கிறதா? கடைக்காரர் பார்க்கவில்லையே? மெதுவாகப் படியுங்கள், அவசரமில்லை. ஆனால் உங்களுக்குப் பின்னால் துணிப்பையோடு ஒருவர், நீங்கள் எப்போது புத்தகத்தைக் கீழே வைப்பீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கலாம். அவர் என் அத்தானாக இருந்தால் தயவுசெய்து இதை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.