தொட்டிக்குள்ளே யாரு?

சௌக்கத் அலி வலது கையை முழங்கைவரை கழுவி முடித்தார். இடது கையை நீட்டும்போது குழாய் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு நேரமாகிறது, ஒளு பாதியில் நிற்கிறது!

"ஷம்ஷாத்! நேத்து சாயந்திரம்தானே தொட்டி ரொம்புச்சு?"

"ரொம்பி வழிஞ்சுதுங்க. நான்தான் மூடி போட்டேன்," என்றாள் மனைவி.

திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலோரத் தரைத்தொட்டி, ஒரு வாரமாகத் தானாகவே காலியாகிறது. மகள் ரூஹிக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம். வருகிற சம்பந்திக்குக் கைகழுவத் தண்ணீர் இல்லையென்றால் மானம் கப்பலேறிவிடும். ஹார்பரில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி எதையெதையோ கப்பலேற்றியவர்தான். ஆனால் இதற்கு அவரிடம் தெம்பில்லை.

பக்கத்து வீட்டு யேசுதாஸ்மேல் சந்தேகம் வந்து மூடிக்குப் பூட்டுப் போட்டார். யேசுதாஸ் பேச்சை நிறுத்திக்கொண்டார், தண்ணீர் நிற்கவில்லை. தொட்டியின் வாயைச் சுற்றிச் சிமென்ட் பூசினார். மறுநாள் குளியலறைத் தரை விரிசல் விட்டது. லாரித் தண்ணீர் வாங்கி ரொப்பினார். மூடியில் காதை வைத்தால், உள்ளே யாரோ அவசரமே இல்லாமல் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம்.

ஷம்ஷாத் ஓதின தண்ணீர் வாங்கிவந்து மூடியிடுக்கில் ஊற்றினாள். அதையும் சேர்த்துக் குடித்துவிட்டது.

"ஜின்னுதாங்க. எட்டிப் பாத்துடாதீங்க! நம்ம வாசல் மரத்துல காக்கா கூட உக்கார மாட்டேங்குது பாருங்க," என்று தும்மினாள். அந்த மரம் பூத்ததிலிருந்து அவளுக்கு ஓயாத தும்மல்.

"அந்த மரத்தை ஒண்ணும் சொல்லாதே. ஃபாரின் கன்னு! மூணு வருசமா ஒரு சொம்பு தண்ணி கேட்டுதா? மாடியைத் தாண்டி வளர்ந்துகீது!"

வெள்ளிக்கிழமை காலை, இனி ஆவது ஆகட்டும் என்று மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். அலறிவிட்டார். உள்ளே கூந்தல். தொட்டி நிறையக் கூந்தல். மிச்சத் தண்ணீரில் ஆளுயரத்துக்கு விரிந்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு யேசுதாஸ் கோபத்தையெல்லாம் மறந்து ஓடிவந்தார்.

"பயந்துகினு நின்னா ஆவுமா பாய்? கயித்தைக் கட்டு, இழு!"

அவர் சிலுவை போட்டுக்கொண்டு இழுத்தார், இவர் பிஸ்மில்லா சொல்லி இழுத்தார். கூந்தல் வரவில்லை. அது திருப்பி இழுத்தது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இஷ்ரத் இறங்கினாள். இறங்கியவள் அண்ணாந்து பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா சம்பந்தி, தெருவுல துளி காத்து இல்ல... உங்க வூட்டு மரம் மட்டும் இன்னாத்துக்கு இந்த ஆட்டம் ஆடுது?"